எச்.ஐ.வி.யுடன் வாழ்பவரின் மனநலம்: செவிலியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“இந்த நோய் வந்தா யாருக்குத்தான் மனசு கஷ்டமா இருக்காது?” இரக்கத்தில் சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் மனச்சோர்வு கண்ணில் படாமல் நழுவிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வருத்தம் இயல்பு என்று முடிவு கட்டியதும் கேள்வி நின்றுவிடுகிறது. மூன்று வாரமாகத் தூங்காதவர், சாப்பாட்டை ஒதுக்குபவர், பெற்ற பிள்ளையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காதவர் எல்லாம் ‘வருத்தமாக இருக்கிறார்’ என்ற ஒற்றை வரியோடு கேஸ் ஷீட்டில் முடங்கிவிடுகிறார்கள்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடம் மனச்சோர்வு பொதுமக்களிடம் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. இரு மடங்கு என்றாலும் எல்லோருக்கும் இல்லை. நோயை ஏற்று, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துபவர்களே அதிகம். ஆகவே மனச்சோர்வை எச்.ஐ.வி.யின் ஒரு பகுதியாக எண்ணிக் கடந்துபோகாமல், தனி நோயாகவே பார்த்துச் சிகிச்சை தர வேண்டும். அப்படித் தந்தால் குணமாகிறது. தராவிட்டால் மாத்திரை தவறும், வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) ஏறும், மருந்து எதிர்ப்பு உருவாகும், அதைப் பார்த்து மனம் இன்னும் இடியும். இந்தச் சுழலில் நோயாளியை அடிக்கடி நேரில் பார்ப்பவர் செவிலியர்தான்.

கேட்பதற்கு முன்

முதல் தேவை ஒரு மறைவான இடம். தனி அறை இல்லாவிட்டால், கதவுக்கு முதுகு காட்டி நோயாளி உட்காரும்படி நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். யார் உள்ளே வந்தாலும் முதலில் தெரிவது உங்கள் முகமாக இருக்கட்டும். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்வதை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாக்கிவிடுங்கள். “எல்லாரையும் கொஞ்ச நேரம் தனியாப் பார்ப்போம், நீங்க வெளிய உக்காருங்க” என்றால் யாருக்கும் சந்தேகம் எழாது. ஒருவரை மட்டும் தனியே கூப்பிட்டால் அதுவே செய்தியாகிவிடும்.

கட்டிலில் சிவப்பு ஸ்டிக்கர், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நோயின் பெயர், தனித் தட்டு, ரத்த அழுத்தம் பார்க்கக்கூட இரட்டைக் கையுறை ஆகியவை இருக்கும் வார்டில் மனநலத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும் நோயாளி நம்பமாட்டார். ரத்தமும் உடல்திரவமும் படும் வேலைக்கு எல்லா நோயாளியிடமும் ஒரே பாதுகாப்பு முறைதான். நாடி பார்க்கவும், தோளில் கை வைக்கவும் கையுறை தேவையில்லை. ஊசி குத்திவிடுமோ என்ற பயம்தான் பல நேரம் இந்த விலகலுக்குக் காரணம் என்பதால் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. சிகிச்சை எடுக்காத ஒருவருடைய ரத்தம் பட்ட ஊசி தோலைத் துளைத்தால் தொற்றும் வாய்ப்பு 1,000-க்கு ஏறத்தாழ 3 மட்டுமே. 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே, தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்தால் அதுவும் வெகுவாகக் குறைகிறது.

எப்போதெல்லாம் கேட்க வேண்டும்

ஒருமுறை கேட்டு, ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. குறைந்தபட்சம் இந்த நேரங்களில் கேளுங்கள்:

- நோய் உறுதியான அன்றும், அதற்குப் பின் வரும் முதல் இரண்டு வருகைகளிலும்
- எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) தொடங்கி 2 முதல் 4 வாரத்தில். மருந்து மாற்றினால் மறுபடியும்
- வைரல் லோடு ஏறியிருந்தால், அல்லது வருகைத் தேதி தவறியிருந்தால்
- கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும்
- துணையிடமோ வீட்டிலோ நோயைச் சொன்ன பிறகு. துணை இறந்தால், பிரிந்தால், வேலை போனால்
- மருத்துவமனையில் சேர்ந்தாலும், வீடு திரும்பும் முன்பும்

இவற்றில் தவறிய வருகைத் தேதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘பொறுப்பில்லாதவர்’ என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. படுக்கையை விட்டு எழவே முடியாத ஒருவரும் அப்படித்தான் வராமல் போவார்.

நோய் உறுதியான நாள்

முடிவைச் சொன்ன பிறகு அந்த அறையில் பேசப்படும் பெரும்பகுதி நோயாளியின் காதில் ஏறாது. சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை), வைரல் லோடு, உணவு, ஆணுறை என்று பாடம் நடத்துவது வீண். மூன்று விஷயம் போதும்: இதற்கு மருந்து இருக்கிறது, மருந்து எடுத்தால் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம், அடுத்து இன்ன தேதியில் நீங்கள் இங்கே வர வேண்டும். தேதியை எழுதிக் கையில் கொடுங்கள். அந்தச் சீட்டில் நோயின் பெயர் வேண்டாம்.

சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அரை நிமிட மௌனம் மிக நீளமாகத் தெரியும். அதை நிரப்பத் துடிக்கும் நாக்கை அடக்குவது ஒரு பயிற்சி. அழுதால் அழட்டும். “அழாதீங்க” என்பது நம் சங்கடத்தைத் தீர்ப்பதற்கான வார்த்தை.

பிறகு இதைக் கட்டாயம் கேளுங்கள்: “இங்கிருந்து நேரா எங்க போறீங்க? இன்னிக்கு ராத்திரி வீட்ல கூட யார் இருப்பாங்க?” பதில் தெளிவாக வந்தால் நல்லது. “தெரியல சிஸ்டர், எங்கயாச்சும் போறேன்” என்று வந்தால் அவரை எழுந்து போக விடாதீர்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, கீழே உள்ள தற்கொலைக் கேள்விகளுக்குப் போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடுதலாக எழும் காலங்களில் முடிவு தெரிந்த முதல் நாட்களும் அடங்கும்.

இரண்டு கேள்வி, ஒன்பது கேள்வி

மனச்சோர்வை அளக்க எங்கும் பயன்படும் எளிய கருவி பி.எச்.கியூ. என்ற கேள்வித்தாள். முதலில் இரண்டு கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘சில நாட்கள்’ 1, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ 2, ‘கிட்டத்தட்ட தினமும்’ 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்வியையும் கேட்க வேண்டும். மொத்தம் 27 மதிப்பெண். 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை ஓரளவு கடுமை, 20-உம் அதற்கு மேலும் கடுமை. 10-ஐத் தொட்டால் மருத்துவரிடம் அனுப்பும் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் மட்டும் நோயை முடிவு செய்வதில்லை; அது கதவைத் தட்டும் சத்தம்.

எச்.ஐ.வி.யில் இந்தக் கருவிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. தூக்கம், களைப்பு, பசி, கவனம் பற்றிய கேள்விகளுக்கு உடல்நோயே பதிலாக இருக்கலாம். ரத்தசோகையில் களைப்பு வரும், வாய்ப்புண்ணில் பசி போகும். ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காமல் நான்கு கேள்விகளைத் தனியே பாருங்கள்: ஆர்வமின்மை, மனச்சோர்வு, தன்னைப் பற்றிய குற்ற உணர்வு, சாகும் எண்ணம். ஒன்பதையும் நேரடியாகக் கேட்டபோது இந்த நான்கும் 0 ஆக இருந்து மொத்தம் 11 வந்திருந்தால் முதலில் உடலைத் தேடுங்கள். மொத்தம் 8 மட்டுமே வந்து, அதில் குற்ற உணர்வுக்கு 3 இருந்தால் ‘லேசானது’ என்று விட்டுவிடாதீர்கள்.

தவறுகள் பெரும்பாலும் கேட்கும் விதத்தில்தான் நடக்கின்றன. “சாகணும்னு எல்லாம் தோணலையே?” என்று கேட்டால் பதிலையும் நாமே கொடுத்துவிடுகிறோம். ஒன்பதாவது கேள்வியைத் தாண்டிப்போய் 0 என்று நிரப்புவது அதைவிட மோசம். தாளைக் கையில் கொடுத்து நிரப்பச் சொன்னால், படிக்கத் தெரியாதவர் வெட்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் குறி போட்டுவிடுவார். வாய்விட்டு வாசியுங்கள்.

பலர் ‘மனச்சோர்வு’ என்ற சொல்லையே பயன்படுத்தமாட்டார்கள். தலை பாரம், நெஞ்சு படபடப்பு, உடம்பு எரிச்சல், “ஒரே யோசனையா இருக்கு” என்றுதான் வரும். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியிலும் இதற்கு ‘அளவுக்கு மீறி யோசிப்பது’ என்று பொருள்படும் குஃபுங்கிசிசா என்ற சொல்தான் வழங்குகிறது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் அங்கே தொடங்கிய ‘நட்பு பெஞ்ச்’ திட்டம் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டது. பயிற்சி பெற்ற பாட்டிமார் சுகாதார மையத்து வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து பேச்சுச் சிகிச்சை தருகிறார்கள். பயன்பெற்றவர்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் நிறையப் பேர். நோயாளி எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே எடுத்து, “அந்த யோசனை எப்ப அதிகமாகுது?” என்று தொடருங்கள்.

பதற்றத்தை அளக்க ஜி.ஏ.டி.-7 என்ற கேள்வித்தாள் இருக்கிறது. ஏழு கேள்வி, மொத்தம் 21, இதிலும் 10 எல்லை.

சாவைப் பற்றி நேராகக் கேட்பது

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் தற்கொலை எண்ணம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவானது. பலருக்கு அது சுமை இறங்கும் நேரம். படிப்படியாகப் போங்கள்:

1. “வாழ்ந்து என்ன பண்றதுன்னு தோணியிருக்கா?”
2. “உயிரை விட்டுடலாம்னு நினைச்சிருக்கீங்களா?”
3. “எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?”
4. “அதுக்கு வேண்டியது உங்க கைக்கு எட்டுற இடத்துல இருக்கா?”
5. “இதுக்கு முன்னாடி எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?”
6. “இதுவரைக்கும் உங்களைத் தடுத்து நிறுத்தினது எது?”

முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லி, ஒரு வாரத்துக்குள் மறுபடி பாருங்கள். மூன்றாவது அல்லது நான்காவதுக்கு ஆம் என்றால் அவரைத் தனியே விடக்கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் கதவைத் தாழிடாமல், வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். வார்டாக இருந்தால் ஊசித் தட்டு, கண்ணாடிப் பாட்டில், துப்புரவுத் திரவம், தேவையில்லாத டிரிப் குழாய், துப்பட்டா, பெல்ட் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். கட்டில் ஜன்னலோரம் வேண்டாம். யார், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பக்கத்தில் இருந்தார் என்று பெயரோடு எழுதுங்கள். ஷிஃப்ட் மாறும் அந்தக் கால் மணி நேரத்தில்தான், இவர் பார்க்கிறார் என்று அவரும் அவர் பார்க்கிறார் என்று இவரும் நினைத்து நோயாளி தனியாகிறார். கட்டிலருகே நின்றுதான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

வெளிநோயாளியாக வீடு திரும்பக்கூடியவருக்கு ஆறு வரிப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை அவர் கையாலேயே எழுத வையுங்கள். எண்ணம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறி. தனியாக இருக்கும்போது அதைத் தள்ளிப்போட என்ன செய்வேன். எந்த இடத்துக்கு, யாரிடம் போனால் கவனம் மாறும். யாரிடம் உதவி கேட்பேன். எந்த மருத்துவமனை, எந்த எண். வீட்டில் ஆபத்தான பொருளை யாரிடம் ஒப்படைப்பேன். “நல்லதை நினைப்பேன்” போன்ற வரி உதவாது. “மொட்டை மாடிக்குப் போகாம, கீழ இறங்கி அக்கா வீட்ல உக்காருவேன்” என்பது உதவும்.

மாத்திரை கொடுப்பதிலும் கவனம் தேவை. நரம்பு எரிச்சலுக்காகத் தரும் அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கி உயிரைப் பறிக்கும். ஆபத்தில் இருப்பவருக்கு ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகக் கொடுக்காமல், வாரத்துக்கு வாரம் கொடுக்க மருத்துவரிடம் கேளுங்கள். கூட்டு மருந்து மட்டும் எக்காரணத்தாலும் தடைபடக்கூடாது.

இது மனமா, மூளையா, மருந்தா?

திடீரென்று பேச்சு மாறியவரை, இரவில் எழுந்து சுவரோடு பேசுபவரை மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டு உட்காருவது ஆபத்தான குறுக்குவழி. நோய் முற்றிய நிலையில், குறிப்பாக சிடி4 200-க்குக் கீழே இருந்தால், மனநிலை மாற்றத்துக்குப் பின்னால் மூளைத் தொற்று இருக்கலாம். சிடி4 100-க்குக் கீழே கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் மூளைச்சவ்வுக் காய்ச்சலும், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணித் தொற்றும் முக்கியமானவை. காசநோய் மூளைச்சவ்வுக் காய்ச்சல் எந்த எண்ணிக்கையிலும் வரும். நாள் கணக்கில் விடாத தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு, இரட்டைப் பார்வை, ஒரு பக்கம் பலமிழப்பு, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பொதுவாக நோய் உறுதியான அன்றே கூட்டு மருந்தைத் தொடங்கலாம். ஆனால் மூளைச்சவ்வுக் காய்ச்சல் இருக்கும்போது அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. சில வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். செவிலியர் கவனித்துச் சொல்லும் ஒரு தலைவலி இங்கே போக்கையே மாற்றிவிடும்.

வேறுபடுத்த ஒரு எளிய வழி இருக்கிறது. மணிக்கணக்கில் ஏறி இறங்கி, இரவில் மோசமாகி, கவனமே நிற்காமல் போனால் அது டெலிரியம், அதாவது உடல்நோயால் வரும் திடீர் மனக்குழப்பம்; உடல் காரணத்தைத் தேட வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல வந்து, “எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல” என்று அவரே புலம்பினால் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் நடையும் கையும் மந்தமாகி, அவருக்குத் தெரியாமல் வீட்டார் கவனித்துச் சொன்னால் எச்.ஐ.வி. சார்ந்த அறிவாற்றல் குறைவை நினைக்க வேண்டும்.

அதற்கென்று படுக்கையருகே ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. முதலில் நான்கு சொற்களை, நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு. அடுத்து, எழுதாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, வேகமாகத் தட்டச் சொல்லி 5 நொடி எண்ணுங்கள். 15 அல்லது மேல் என்றால் 4 மதிப்பெண், 11–14 என்றால் 3, 7–10 என்றால் 2, 3–6 என்றால் 1, அதற்கும் கீழே 0. மூன்றாவதாக, மேசைமேல் அதே கையால் முஷ்டி, உள்ளங்கை தட்டையாக, கையின் பக்கவாட்டு என்ற வரிசை. இரண்டுமுறை பழகவிட்டு, 10 நொடியில் எத்தனை முழுவரிசை என்று எண்ணுங்கள். 4 வந்தால் 4 மதிப்பெண், 3 என்றால் 3, அப்படியே இறங்கும். கடைசியாக அந்த நான்கு சொல். தானாகச் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் 1. ‘ஒரு விலங்கு’, ‘ஒரு நிறம்’ என்று குறிப்புக் கொடுத்த பிறகு சொன்னால் அரை. மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழே என்றால் மேற்கொண்டு பரிசோதனை தேவை. விரலில் கட்டு, நரம்பு வலி, தூக்க மாத்திரை மயக்கம் இருந்தால் மதிப்பெண் பொய் சொல்லும். அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

தைராய்டு, பி12, ரத்தசோகை, சிஃபிலிஸ் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் நடந்திருக்கின்றனவா என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்கள்.

மருந்துகள் மனத்துக்குச் செய்வது

எஃபாவிரென்ஸ் (எச்.ஐ.வி. மருந்து): தலைசுற்றல், விசித்திரமான தெளிந்த கனவுகள், தூக்கக் கோளாறு. பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் அடங்கும். படுக்கப்போகும் நேரத்தில், வெறும் வயிற்றில் போட வேண்டும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு போட்டால் ரத்தத்தில் அளவு கூடி, கனவும் கூடும். தற்கொலை எண்ணத்தோடும் இந்த மருந்துக்குத் தொடர்பு இருப்பதால், ஏற்கெனவே மனநோய் இருந்தவருக்கு மாற்று மருந்து கேட்பதே நியாயம்.

டோலுடெக்ராவிர் (எச்.ஐ.வி. மருந்து): 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகப் பரிந்துரைப்பது இதை. சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். இரவிலிருந்து காலைக்கு மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். இந்த எளிய யோசனையைச் சொல்ல ஆளில்லாமல் மாத்திரையையே நிறுத்தியவர்கள் உண்டு. ஜெலுசில் வகை ஆன்டாசிட் எடுப்பவர், டோலுடெக்ராவிரை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். ரில்பிவிரின் என்ற எச்.ஐ.வி. மருந்தும் மனச்சோர்வு உண்டாக்கக்கூடும்.

காசநோய்க்கான ஐசோனியாசிட் அரிதாக மனக்குழப்பத்தைத் தரும். கூடவே பிரிடாக்சின் (வைட்டமின் பி6) போகிறதா என்று பாருங்கள். இன்னொரு காசநோய் மருந்தான சைக்ளோசெரின் இன்னும் அதிகமாகக் குழப்பும்.

மனநல மருந்தும் கூட்டு மருந்தும் மோதும் இடங்களை மருந்துச் சீட்டில் ஒரு கண் தேடட்டும். கூட்டு மருந்தில் ரிடோனாவிர் அல்லது கோபிசிஸ்டாட் எடுப்பவருக்கு, தூக்க மருந்துகளான மிடசோலாம் மாத்திரையும் டிரையசோலாமும் கூடாது. மூச்சே நின்றுபோகும் அளவுக்கு மயக்கம் வரலாம். மனநல மருந்தான குயெடியாபினின் அளவைப் பெரிதும் குறைக்க வேண்டும். வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் கார்பமாசெபின், டோலுடெக்ராவிரின் அளவைச் சரித்துவிடும். அப்போது 50 மில்லிகிராமை நாளுக்கு இருமுறை தர நேரும். மனநல மருந்தான லித்தியமும் எச்.ஐ.வி. மருந்தான டெனோஃபோவிரும் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கண்காணிக்க வேண்டும். மனத்துக்கு நல்லது என்று சொந்தமாக வாங்கிச் சாப்பிடப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, பல எச்.ஐ.வி. மருந்துகளை வேலைசெய்ய விடாது. “வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?” என்றால் “இல்லை” என்றுதான் வரும். “சூரணம், சத்து மாத்திரை, லேகியம்?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தொடங்கினால் மூன்று விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள்: முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி வரலாம்; பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப்பலனுக்கு 6 முதல் 8 வாரம் ஆகும்; நன்றாகத் தெரிந்ததும் நிறுத்தக்கூடாது, குறைந்தது இன்னும் 6 மாதமாவது தொடர வேண்டும். பக்கவிளைவு முதலில் வந்து பலன் பின்னால் வருவதால்தான் பத்தாம் நாள் மாத்திரை குப்பைத்தொட்டிக்குப் போகிறது. 25 வயதுக்குக் கீழே உள்ளவரை முதல் சில வாரம் கூடுதலாகக் கவனியுங்கள். அப்போது தற்கொலை எண்ணம் கூடலாம்.

வார்டில் டெலிரியம் வந்தவருக்கு அமைதிப்படுத்தும் ஊசி போடும் முன் சிறுநீர் அடைப்பு, வலி, மலச்சிக்கல், ஆக்சிஜன், சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். இரவில் மங்கலான விளக்கு, கண்ணில் படும் கடிகாரம், அவருடைய மூக்குக் கண்ணாடி, முடிந்தவரை அதே செவிலியர். அமைதிப்படுத்தும் ஹாலோபெரிடால் தேவைப்பட்டால் சிறிய அளவே, எச்.ஐ.வி. முற்றியவர்களுக்குத் தசை விறைப்பு எளிதில் வந்துவிடும்.

மருந்தில்லாமல் செவிலியர் தரக்கூடியது

லேசானதும் நடுத்தரமானதுமான மனச்சோர்வுக்குப் பேச்சே சிகிச்சை. எல்லாப் பிரச்சினையையும் கொட்டச் சொல்லுங்கள், ஆனால் ஒன்றை மட்டும் எடுங்கள். அதில் இந்த வாரம் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ‘கடனை அடைப்பது’ பெரிது. ‘வியாழக்கிழமை தம்பியிடம் போன் செய்து தவணையைக் கேட்பது’ செய்யக்கூடியது. அடுத்த வாரம் அதை மறக்காமல் கேளுங்கள். செய்யவில்லை என்றால் காரியத்தை இன்னும் சிறிதாக்குங்கள். “மனசு சரியானதும் வெளிய போறேன்” என்பார். வரிசை அதற்கு நேர்மாறு: வெளியே போனால்தான் மனம் அசையும். தினமும் ஒரே நேரத்தில் எழுவதும், பத்து நிமிடம் நடப்பதும் தொடக்கத்துக்குப் போதும்.

அறிவுரை கேட்டுச் சலித்தவர்கள் இவர்கள். “தைரியமா இருங்க”, “குழந்தைங்க முகத்தைப் பாருங்க” என்பவை ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்வைக் கூட்டும்.

அவமான உணர்வுக்கு மருந்தைவிட நன்றாக வேலைசெய்யும் ஒரு செய்தி இருக்கிறது. அதை இன்னும் பல நோயாளிகள் கேட்டதே இல்லை என்பதுதான் வருத்தம். மருந்தை ஒழுங்காக எடுத்து வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி நிலைத்திருப்பவர், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றைக் கொடுப்பதில்லை. 2019-இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 782 ஆண் ஜோடிகள், ஆணுறை இல்லாத ஏறத்தாழ 76,000 உறவுகள். துணையிடமிருந்து தொற்றியது ஒன்றுகூட இல்லை. தாய்ப்பாலுக்கு மட்டும் இதை அப்படியே பொருத்தாதீர்கள். அங்கே வாய்ப்பு மிகக் குறைவு, பூஜ்யம் அல்ல.

வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பது நோயாளியின் முடிவு. அவசரப்படுத்தினால் அடி, வெளியேற்றம் வரை போகும். “சொன்னா உங்களை அடிப்பாங்களா, வெளிய அனுப்பிடுவாங்களா?” என்று முதலில் கேட்டு, பாதுகாப்பு உறுதியான பிறகே ஒத்திகை பாருங்கள்: யாரிடம், எங்கே, முதல் வாக்கியம் என்ன.

மாத்திரை தவறுகிறதா என்று கேட்பது

“ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்றால் “சாப்பிடுறேன் சிஸ்டர்” என்பதைத் தவிர வேறு பதில் வராது. “எல்லாருக்குமே எப்பவாவது விட்டுப்போகும். போன ஒரு வாரத்துல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள். காரணத்தையும் கேளுங்கள். மறதிக்கு அலாரம் போதும். ஆள் பார்ப்பார்களே என்ற பயத்துக்கு, பெயரில்லாத சின்ன டப்பா வேண்டும். “சாப்பிட்டு என்ன ஆகப்போகுது” என்பதற்கு அலாரம் உதவாது, அங்கே பி.எச்.கியூ. தாளை எடுங்கள்.

குடிப்பவர்களில் பலர், குடிக்கும் நாளில் மாத்திரை போட்டால் விஷமாகும் என்று நம்பி அன்று விட்டுவிடுகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள் குடித்தால் மூன்று நாள் மருந்தில்லை. குடித்தாலும் மாத்திரையை விடக்கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். குடியைக் குறைக்கும் பேச்சு தனியாக நடக்கட்டும். தினமும் அதிகம் குடித்தவர் வார்டில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே கை நடுக்கம், வியர்வை பாருங்கள். 12 முதல் 48 மணி நேரத்தில் வலிப்பும், 48 முதல் 96 மணி நேரத்தில் கடும் குழப்பமும் வரலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போக வேண்டும்.

தாய்மாரும் பிள்ளைகளும்

பிரசவித்தவரின் மனச்சோர்வை அளக்க எடின்பரோ அளவுகோல்: 10 கேள்வி, மொத்தம் 30, 13 அல்லது அதற்கு மேல் கவனம், பத்தாவது கேள்வி தன்னைத் துன்புறுத்தும் எண்ணம் பற்றியது, அதில் 1 வந்தாலும் பேச வேண்டும். குழந்தையின் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் வாரங்கள் மிகக் கொடியவை. முடிவு வரும் தேதியை முன்கூட்டியே சொல்லி, அன்றே கூப்பிடுங்கள்.

பிறவியிலேயே தொற்றுள்ள பிள்ளைக்கு 6 முதல் 12 வயதுக்குள், வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் “ரத்தத்துல ஒரு கிருமி தூங்குது, மாத்திரை போட்டா எழுந்திரிக்காது”, பெயர் பிறகு. சுவரில் உள்ள போஸ்டரைப் படித்துத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நோயைவிட, இத்தனை நாள் பொய் சொன்னார்களே என்ற கோபமே பெரிதாக இருக்கும். குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயதில் பலர் காணாமல் போகிறார்கள். கைமாறும் முதல் வருகைக்குப் பழக்கமான செவிலியர் கூடவே போவது நல்லது.

வீடு திரும்பிய பின் வரும் அழைப்பு

முதல் வாரத்துக்குள் ஒரு போன். எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன பெயர் சொல்வது என்பதை நோயாளியிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருப்பதால் அவர் வெளிப்படையாகப் பேச முடியாத சூழலில் இருக்கலாம் என்பதால், ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியாகத் தொடங்குங்கள்: “இப்ப பேசலாமா?” இல்லை என்றால் எப்போது என்று மட்டும் கேட்டு வைத்துவிடுங்கள். வேறு குரல் கேட்டால் ஒப்புக்கொண்ட பெயரைச் சொல்லி, “அப்புறம் கூப்பிடுறேன்” என்றதோடு நிறுத்துங்கள். மருத்துவமனை பெயர், பிரிவின் பெயர், மாத்திரை எதுவும் வாயில் வரக்கூடாது. இரண்டு முறை எடுக்கவில்லை என்றால், பாதுகாப்புத் திட்டத்தில் அவரே எழுதிக்கொடுத்த அந்த ஒருவருக்கு அடுத்த அழைப்பு. அவரிடமும் நோயாளி சொல்ல அனுமதித்ததை மட்டும்தான் பேச வேண்டும்.